மாந்தோப்புத் தொழிலாளரும் மூலக்கூறு நோய்ப் பரவலியலும்

கேரள மாநிலத்தின் பாலக்காடு மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி, பரம்பிக்குளம் மலைகளின் அடிவாரத்தில் அமைந்துள்ளது முதலமடை. கேரளத்தின் 'மாம்பழ நகரம்' என்று இவ்வூர் அழைக்கப்படுகிறது. நாட்டின் பிற பகுதிகளில் மாம்பழப் பருவம் தொடங்குவதற்கு முன்பே இங்குக் காய்கள் அறுவடைக்கு வந்துவிடுவதால், வடநாட்டுச் சந்தைகளில் இவற்றுக்கு நல்ல விலை கிடைக்கிறது. அல்போன்சா, பங்கனப்பள்ளி, செந்தூரம், கிளிமூக்கு, நீலம் முதலிய வகைகள் பல ஆயிரம் ஏக்கரில் பயிராகின்றன. தோப்புகளில் பல, பருவத்திற்குப் பருவம் வணிகர்களுக்குக் குத்தகைக்கு விடப்படுகின்றன.

முந்திக் கிடைக்கும் இந்த விலைக்கு அடிப்படை மாம்பூ. மழைக்காலம் முடிந்து பூவெடுக்கும் நாள் முதல் காய் முற்றும் வரை தத்துப்பூச்சியிடமிருந்தும் இலைப்பேனிடமிருந்தும் அதனைக் காக்க வேண்டியுள்ளது. ஆகவே திரும்பத் திரும்ப மருந்தடிக்கிறார்கள். நெல் வயலில் மருந்து தெளிப்பவர் நாற்றின் மீது குனிந்து தெளிக்கிறார். மாந்தோப்பில் மருந்தடிப்பவரோ அண்ணாந்து நின்று உயர்ந்த கிளைகளை நோக்கி விசைத் தெளிப்பானின் குழாயைப் பிடிக்கிறார். மேலே சென்ற மருந்தின் ஒரு பகுதி அவர் மீதே இறங்குகிறது. முகம், கழுத்து, தோள், சட்டை யாவும் நனைகின்றன. பூச்சிக்கொல்லி மருந்து மூச்சின் வழியாக மட்டுமே உடலில் சேர்கிறது என்பது பரவலான எண்ணம். உண்மையில் வயல்வெளிப் பணியாளரின் உடலில் நஞ்சு புகும் முதன்மையான வழி தோலேயாகும்.

இத்தொழிலாளருக்குத் தலைவலி, குமட்டல், கண் மங்கல் ஏற்படுவதுண்டு. ஓரிரு நாளில் அவை தணிந்துவிடும். பல ஆண்டுகளுக்குப் பின் நரம்புத் தளர்ச்சியோ புற்றுநோயோ தோன்றினால், அது தோப்பில் செய்த வேலையால் வந்ததா, வேறு காரணத்தால் வந்ததா என்று எவ்வாறு அறிவது? இவ்வினாவிற்கு விடை காண உதவும் ஒரு துறையே மூலக்கூறு நோய்ப் பரவலியல் ஆகும்.

பழைய முறையும் அதன் எல்லையும்

தொழிலுக்கும் நோய்க்கும் உள்ள தொடர்பை மருத்துவர்கள் நெடுங்காலமாக ஆராய்ந்து வந்துள்ளனர். 1775-ஆம் ஆண்டில் லண்டன் மருத்துவர் பெர்சிவல் பாட், சிறு வயது முதல் புகைபோக்கிகளைத் துப்புரவு செய்தவர்களுக்கு விதைப்பையில் புற்றுநோய் வருவதைக் கண்டு, புகைக்கரியே காரணம் என்றார். 1895-இல் ஜெர்மானிய மருத்துவர் லுட்விக் ரேன், சாயத் தொழிற்சாலைப் பணியாளரிடம் சிறுநீர்ப்பைப் புற்றுநோய் மிகுதியாக இருப்பதை எடுத்துக்காட்டினார். இவை மாபெரும் கண்டுபிடிப்புகள். எனினும் நோய் முற்றிய பின்னரே, பலர் இறந்த பின்னரே, காரணம் தெரிய வந்தது.

நம் நாட்டின் பூச்சிக்கொல்லிச் சட்டத்தின் வரலாறும் இத்தகையதே. 1958-ஆம் ஆண்டில் பாரத்தியான் என்னும் நச்சு கலந்த கோதுமை மாவை உண்டு, கேரளத்திலும் அதனை அடுத்த சென்னை மாநிலப் பகுதியிலுமாக நூற்றுக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். அதன்பின் நடைபெற்ற விசாரணையின் தொடர்ச்சியாக 1968-ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டம் பிறந்தது. ஒரே நாளில் பலர் மாண்டால் நாடு விழித்துக்கொள்கிறது. ஒவ்வொருவராக, ஆண்டுக்கணக்கில் நலிந்தால் அது எவர் கண்ணிலும் படுவதில்லை.

மரபான நோய்ப் பரவலியல் முறையில் மற்றுமோர் இடர்ப்பாடும் உண்டு. யாருக்கு எவ்வளவு நஞ்சு ஏறியது என்பதைக் கேள்விகள் கேட்டே ஊகிக்க வேண்டியுள்ளது. மருந்தடிப்பவர் எனக் குறிக்கப்பட்ட ஒருவர் ஆண்டுக்கு இரண்டு நாள் மட்டும் அவ்வேலை செய்திருக்கலாம். மருந்தடிக்காதவர் எனக் குறிக்கப்பட்ட பெண் தோப்பின் ஓரத்தில் குடியிருந்து, கணவரின் நனைந்த சட்டைகளை நாள்தோறும் துவைப்பவராக இருக்கலாம்.

இதனால் நேரும் பிழையை ஓர் எளிய கற்பனைக் கணக்கால் விளக்கலாம். உண்மையில் நஞ்சு ஏறிய 100 பேரில் 20 பேருக்கும், ஏறாத 100 பேரில் 5 பேருக்கும் ஒரு நோய் வருகிறது எனக் கொள்வோம். ஆபத்து நான்கு மடங்கு. ஆனால் ஒவ்வொரு பிரிவிலும் 40 பேர் தவறாக மறு பிரிவில் சேர்க்கப்பட்டால், முதற்பிரிவில் 14 நோயாளிகளும் இரண்டாம் பிரிவில் 11 நோயாளிகளும் காணப்படுவர். நான்கு மடங்கு ஆபத்து ஏறத்தாழ மறைந்துவிடுகிறது. 'குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை' என்று அறிக்கை எழுதப்படும். தொழிலாளர் நிலையோ மாறாது.

புதிய துறையின் தோற்றம்

நஞ்சு உடலில் புகுந்ததையும், உள்ளே அது செய்ததையும் இரத்தம், சிறுநீர், உயிரணு ஆகியவற்றிலேயே அளந்து பார்த்து, அந்த அளவுகளை மக்கள் தொகுதியின் நோய்க் கணக்கோடு இணைத்து ஆராய்வதே மூலக்கூறு நோய்ப் பரவலியல் ஆகும். இப்பெயர் 1973-இல் இன்ஃபுளுயன்சா வைரஸ் பற்றிய ஆய்வொன்றில் வழங்கியது. 1982-இல் அமெரிக்காவின் பிரடெரிக்கா பெரேரா, பெர்னார்டு வைன்ஸ்டைன் ஆகிய இருவரும் புற்றுநோய்க் காரணிகளை ஆராய இம்முறையை வகுத்துக் காட்டினர்.

இத்துறையின் அடிப்படைக் கருத்து ஒரு சங்கிலியைப் போன்றது. சூழலில் உள்ள நஞ்சு உடலுள் புகுகிறது. அதில் ஒரு பகுதி உயிரணுக்களை அடைந்து புரதங்களோடும் டி.என்.ஏ. என்னும் மரபுப் பொருளோடும் வினைபுரிகிறது. அதனால் சிறு மாறுதல்கள் தோன்றுகின்றன. அவற்றுட் பெரும்பாலானவற்றை உடலே சரிசெய்துவிடுகிறது; எஞ்சியவை பின்னர் நோயாக முதிரக்கூடும். சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியிலும் அளக்கத்தக்க அடையாளம் ஒன்று உண்டு. இவற்றை உயிரியற் குறிகள் என்பர். புகுந்த அளவைக் காட்டுவன, விளைந்த மாறுதலைக் காட்டுவன, ஒருவரின் இயல்பான தாங்குதிறனைக் காட்டுவன என அவை மூவகைப்படும்.

புகுந்த அளவைக் காட்டும் குறிகள்

ஆர்கனோபாஸ்பேட் வகையைச் சேர்ந்த பூச்சிக்கொல்லிகள் உடலில் சிதைந்து, சில நாட்களுக்குள் சிறுநீரில் வெளியேறுகின்றன. அச்சிதைவுப் பொருள்களை அளந்தால் அண்மையில் ஏறிய நஞ்சின் அளவு தெரியும். இன்று மாந்தோப்புகளில் பரவலாக உள்ள செயற்கைப் பைரித்ராய்டு மருந்துகளுக்கும் சிறுநீரில் அடையாளம் உண்டு. டி.டி.டி. போன்ற ஆர்கனோகுளோரின் மருந்துகளோ கொழுப்பில் தங்கி ஆண்டுக்கணக்கில் இரத்தத்தில் காணப்படுகின்றன. ஆகவே எப்பொருளை, எப்போது, எதில் தேடுவது என்பதை முன்கூட்டியே தீர்மானிக்க வேண்டும். மருந்தடித்து இரண்டு வாரம் கழித்துச் சிறுநீரைச் சோதித்து, ஒன்றும் இல்லை என்று கூறுவது ஆய்வாகாது.

இம்முறையின் ஆற்றலைக் கேரளமே கண்டுள்ளது. காசர்கோடு மாவட்டத்தில் அரசுத் துறை முந்திரித் தோட்டங்களில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக எண்டோசல்பான் மருந்து ஹெலிகாப்டர் மூலம் தெளிக்கப்பட்டு, 2000-ஆம் ஆண்டின் இறுதியில் நிறுத்தப்பட்டது. அகமதாபாத்திலுள்ள தேசியத் தொழில்நல நிறுவனத்தின் அறிஞர்கள் அங்குள்ள பத்ரே கிராமத்திற்குச் சென்று ஆய்வு நடத்தினர். 2003-இல் வெளியான அவர்களது கட்டுரை, 10 முதல் 19 வயது வரையுள்ள 117 பள்ளிச் சிறுவர்களையும், மருந்து தெளிக்கப்படாத ஊரைச் சேர்ந்த 90 சிறுவர்களையும் ஒப்பிட்டது. தெளிப்பு நின்று பல மாதங்கள் கடந்த பின்னும் பத்ரே சிறுவர்களின் இரத்தத்தில் எண்டோசல்பான் கணிசமாக மிகுந்திருந்தது. அவர்களிடம் பருவ வளர்ச்சி தாமதமடைந்ததும், டெஸ்டோஸ்டிரோன் என்னும் ஆண்மைச் சுரப்பு குறைந்திருந்ததும் காணப்பட்டன.

2011 ஏப்ரலில் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை நாடுகள் எண்டோசல்பானை விலக்க முடிவு செய்தன. அதே ஆண்டு மே 13 அன்று இந்திய உச்ச நீதிமன்றம் நாடு முழுவதும் அதற்குத் தடை விதித்தது. 2017 ஜனவரியில், பாதிக்கப்பட்டோர் ஒவ்வொருவருக்கும் 5 லட்சம் ரூபாய் வழங்குமாறு ஆணையிட்டது. முதலமடை மாந்தோப்புப் பகுதி மக்களும் தங்கள் குழந்தைகளிடம் காணப்படும் உடற்குறைகளுக்கு இதே மருந்து காரணம் என்று பல்லாண்டுகளாக முறையிட்டு வந்துள்ளனர். அம்முறையீட்டை ஏற்பதற்கோ மறுப்பதற்கோ வேண்டியது உரிய காலத்தில் எடுத்த அளவீடு. காலம் கடந்துவிட்டால் இரத்தத்திலுள்ள சான்றும் கரைந்துவிடுகிறது.

நொதி தரும் எச்சரிக்கை

விளைவைக் காட்டும் குறிகளுள் தொழிலாளருக்கு உடனடியாகப் பயன்படுவது கோலின்எஸ்டரேஸ் என்னும் நொதியின் அளவாகும். நரம்பிலிருந்து தசைக்குச் செய்தி கொண்டு செல்லும் அசிட்டைல்கோலின் என்ற பொருளை, வேலை முடிந்ததும் சிதைப்பது இந்நொதியின் பணி. ஆர்கனோபாஸ்பேட், கார்பமேட் மருந்துகள் இந்நொதியை முடக்குகின்றன. செய்தி நிற்காமல் தொடர்கிறது. வியர்வை, எச்சில் பெருக்கு, கண்மணி சுருங்குதல், தசைத் துடிப்பு, இறுதியில் மூச்சுத் திணறல் ஆகியவை தோன்றுகின்றன.

இந்நொதி சிவப்பணுக்களிலும் அதன் உறவினமான மற்றொரு நொதி இரத்த நீரிலும் உள்ளன. அறிகுறி எதுவும் தோன்றுமுன்பே இவற்றின் அளவு குறையத் தொடங்குகிறது. சிவப்பணுவில் முடங்கிய நொதி நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 சதவீதம் என்ற அளவிலேயே மீள்கிறது. எனவே நேற்றைய மருந்து, சென்ற வாரத்து மருந்து, சென்ற மாதத்து மருந்து ஆகிய மூன்றின் கூட்டுத் தொகையை அது காட்டுகிறது. வங்கிக் கணக்கில் வரவின்றிச் செலவு மட்டும் தொடர்வதற்கு இதனை ஒப்பிடலாம்.

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் 1974 முதல் இச்சோதனை நடைமுறையில் உள்ளது. முதலில் மருந்தோடு தொடர்பில்லாத நாட்களில் தொழிலாளரின் இயல்பான அளவு குறிக்கப்படுகிறது. பின்னர் சிவப்பணு நொதி அதில் 70 சதவீதமாகவோ, இரத்த நீர் நொதி 60 சதவீதமாகவோ குறைந்தால் அவர் அவ்வேலையிலிருந்து விலக்கப்படுகிறார். 80 சதவீதத்தை மீண்டும் எட்டிய பின்னரே திரும்ப அனுமதிக்கப்படுகிறார். மனிதருக்கு மனிதர் இயல்பான அளவு வேறுபடுவதால், ஒருவரை அவரோடே ஒப்பிடுவது இம்முறையின் சிறப்பாகும்.

நம் நாட்டிலும் இதற்கு விதி இல்லாமல் இல்லை. 1971-ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லி விதிகள், மருந்து தெளிப்போருக்கும் மருத்துவப் பரிசோதனை செய்யப்பட வேண்டும் என்றும், ஆர்கனோபாஸ்பேட், கார்பமேட் மருந்துகளைக் கையாள்வோரின் கோலின்எஸ்டரேஸ் அளவை மாதந்தோறும் பார்க்க வேண்டும் என்றும் கூறின. ஆயினும் பருவத்திற்கு ஒரு குத்தகைதாரர், வாரத்திற்கு ஒரு தோப்பு என்று மாறிச் செல்லும் கூலித் தொழிலாளர் விஷயத்தில் இதனை நிறைவேற்றும் பொறுப்பு எவரிடமும் நிலைத்து நிற்பதில்லை.

ஓர் எச்சரிக்கையும் தேவை. இமிடாகுளோபிரிட் போன்ற புதிய மருந்துகளும் பைரித்ராய்டு வகைகளும் இந்நொதியைத் தாக்குவதில்லை. நொதி சரியாக இருக்கிறது என்பதால் உடல் நலமாக இருக்கிறது என்று முடிவு செய்யலாகாது.

மரபுப் பொருளில் பதியும் வடு

நெடுங்கால ஆபத்தை அறிய உயிரணுவின் உள்ளே நோக்க வேண்டும். இரத்த வெள்ளணுக்களில் குரோமோசோம்கள் முறிந்துள்ளனவா என்று நுண்ணோக்கியால் பார்ப்பது பழைய முறை. ஐதராபாத் உஸ்மானியா பல்கலைக்கழக மரபியல் அறிஞர்கள், பருத்தி வயல்களில் மருந்தடித்தவர்களிடம் இத்தகைய முறிவுகள் மிகுதியாக இருப்பதை 1980-களின் இறுதியில் வெளியிட்டனர். 1988-இல் அமெரிக்காவில் பணியாற்றிய நரேந்திர சிங்கும் அவருடைய குழுவினரும் செம்மைப்படுத்திய 'வால்மீன் சோதனை' இன்னொரு முறையாகும். ஓர் உயிரணுவை மின்புலத்தில் வைத்தால், சிதைந்த டி.என்.ஏ. துண்டுகள் வெளியே இழுக்கப்பட்டு வால்மீனின் வால் போல நீளும். வால் நீளமாயின் சேதம் அதிகம் என்று பொருள். கன்னத்தின் உட்புறத்திலிருந்து வலியின்றிச் சுரண்டி எடுத்த உயிரணுக்களில் 'நுண்ணுட்கரு' எனப்படும் சிதறல்களை எண்ணுவதும் உண்டு. ஊசிக்கு அஞ்சுவோர் உள்ள இடங்களில் இது மிகவும் ஏற்றது.

ஆனால் பீடி, சுருட்டு, புகையிலை சேர்ந்த வெற்றிலை ஆகியனவும் இதே வடுவை உண்டாக்கும். வயதும் உண்டாக்கும். இவற்றைக் கணக்கில் கொள்ளாத ஆய்வு, பீடியின் குற்றத்தை மருந்தின் மீதும், மருந்தின் குற்றத்தைப் பீடியின் மீதும் சுமத்திவிடும். மேலும் இவ்வடுக்கள் ஒரு தனி மனிதருக்கு நோய் வரும் என்று கூறுவதில்லை. ஒரு தொழிலாளர் கூட்டத்தின் ஆபத்து கூடியுள்ளது என்றே கூறுகின்றன. இந்த வேறுபாட்டை மருத்துவரும் அதிகாரியும் மறத்தலாகாது.

எல்லா உடலும் ஒன்றன்று

ஒரே தோப்பில், ஒரே நாளில், ஒரே மருந்தை அடித்த இருவரில் ஒருவர் மயங்கி விழ, மற்றவர் நலமாக இருப்பதுண்டு. பாரக்ஸோனேஸ் என்னும் நொதி சில ஆர்கனோபாஸ்பேட் நஞ்சுகளைச் சிதைக்கிறது. அதன் வேகம் பரம்பரையாக வேறுபடுகிறது. டெல்லி அறிஞர்கள் 2011-இல் வெளியிட்ட ஆய்வு, பூச்சிக்கொல்லிப் பணியாளரின் டி.என்.ஏ. சேதத்திற்கும் இந்நொதியின் மரபு வேறுபாட்டிற்கும் தொடர்பு உள்ளதைக் காட்டியது. இங்கிலாந்தில் 1982-இல் நிகழ்ந்த ஆய்வு ஒன்றில், சிறுநீர்ப்பைப் புற்றுநோய் கண்ட 23 சாயத் தொழிலாளரில் 22 பேர், சில வேதிப்பொருள்களை மெதுவாக மாற்றும் மரபு வகையினராக இருந்தனர்.

இவ்வறிவு இருபுறமும் வெட்டும் வாளாகும். தாங்குதிறன் குறைந்தவருக்கு வேலை இல்லை என்று கூற இது துணையாகலாம். அமெரிக்காவில் ஒரு பெரிய இரயில்வே நிறுவனம், மணிக்கட்டு நோய் கண்ட தொழிலாளரின் இரத்தத்தை அவர்கள் அறியாமலே மரபுச் சோதனைக்கு உட்படுத்தியது. 2001-இல் வழக்குத் தொடரப்பட்டு, அடுத்த ஆண்டு 22 லட்சம் டாலர் தந்து அந்நிறுவனம் இசைவு கண்டது. 2008-இல் அந்நாடு மரபுச் செய்தியைக் கொண்டு வேலை மறுப்பதைத் தடைசெய்து சட்டம் இயற்றியது. மிக மென்மையான உடலினரும் பணியாற்றத்தக்க வகையில் தோப்பைத் திருத்துவதே நெறி. மென்மையான உடலினரைத் தோப்பிலிருந்து நீக்குவது அன்று.

முதலமடைக்கு ஏற்ற ஆய்வு

இப்பகுதியில் இத்தகைய ஆய்வு நிகழ்த்துவதாயின் அதன் அமைப்பு எவ்வாறு இருத்தல் வேண்டும்? முதலாவதாக, மருந்தடிப்பு தொடங்குமுன், மழைக்காலத்திலேயே இரத்தம் எடுத்து ஒவ்வொருவரின் இயல்பான அளவைக் குறித்துக்கொள்ள வேண்டும். பூப்பருவத்தில் இருமுறையும், அறுவடைக்குப் பின் ஒருமுறையும் சோதனையைத் திருப்பிச் செய்ய வேண்டும். இரண்டாவதாக, மருந்தடிப்போர் மட்டுமன்றி, மருந்து கலக்குவோர், காய் பறிப்போர், தரம் பிரிக்கும் பெண்கள், தோப்பருகே வாழும் பழங்குடிக் குடியிருப்புகளின் மக்கள் ஆகியோரையும் சேர்க்க வேண்டும். கலிபோர்னியாவின் சலினாஸ் பள்ளத்தாக்கில் நிகழ்ந்த நெடுங்கால ஆய்வு, கருவுற்ற காலத்தில் தாயின் சிறுநீரில் ஆர்கனோபாஸ்பேட் சிதைவுப் பொருள் மிகுந்திருந்தால், குழந்தைகளின் அறிவுத்திறன் அளவு ஏழாம் வயதில் குறைந்திருப்பதை 2011-இல் காட்டியது. பெண் தொழிலாளரை விட்டுவிட்ட ஆய்வு பாதி ஆய்வே.

மூன்றாவதாக, ஒப்பீட்டுக் குழு வேண்டும். வருமானம், உணவு, பழக்கங்கள் ஆகியவற்றில் ஒத்த, ஆனால் மருந்தோடு தொடர்பு குறைந்த உழைப்பாளரே இதற்கு ஏற்றவர். நகரத்து அலுவலர் ஏற்றவர் அல்லர். நான்காவதாக, எந்தத் தோப்பில், எந்நாளில், எம்மருந்து, எவ்வளவு அடிக்கப்பட்டது என்ற குறிப்பேடு வேண்டும். அதுவன்றி நுட்பமான சோதனைகள் யாவும் பயனற்றுப் போகும்.

எல்லைப் பகுதி என்பதால் மற்றுமொரு பணியும் உள்ளது. தொழிலாளரும் மருந்துப் புட்டிகளும் மாநில எல்லையை நாள்தோறும் கடக்கின்றனர். ஒருவர் கேரளத்தில் மருந்தடித்து, தமிழ்நாட்டு மருத்துவமனையில் சிகிச்சை பெறுகிறார். இரு பதிவேடுகளும் ஒன்றையொன்று அறிவதில்லை. இடுக்கி மாவட்டத்து ஏலத் தோட்டங்களின் நிலையும் இதுவே. தேனி மாவட்டத்துக் கம்பம், போடி பகுதிகளிலிருந்து விடியற்காலையில் ஜீப்புகளில் மலையேறி மாலையில் திரும்பும் பெண்கள் வேலை செய்வது, அடிக்கடி மருந்து தெளிக்கப்படும் செடிகளுக்கிடையே. இரு மாநில நலத்துறைகளும் ஒரே அட்டையில் பதிவு செய்தாலன்றி இவர்களது ஆபத்து எந்தக் கணக்கிலும் ஏறாது.

விரல் நுனியில் எடுத்த சிறிதளவு இரத்தத்தைக் கொண்டு கோலின்எஸ்டரேஸை அளக்கும் கையடக்கக் கருவிகள் உள்ளமையால், ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே முதற்கட்டச் சோதனையை நடத்த இயலும். டி.என்.ஏ. ஆய்வுகளுக்குப் பெரிய ஆய்வுக்கூடத்தை நாடலாம். ஒவ்வொரு தொழிலாளரின் இசைவும் அவர் அறிந்த மொழியில் பெறப்பட வேண்டும். முடிவு முதலில் அவருக்கே கூறப்பட வேண்டும், முதலாளிக்கு அன்று.

சட்டமும் சான்றும்

இவ்வாய்வின் பயன் அறிவியலோடு முடிவதில்லை. 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம், பாஸ்பரஸ் மற்றும் அதன் நச்சுக் கூட்டுப்பொருள்களால் வரும் நோயைத் தொழில் நோய்ப் பட்டியலில் சேர்த்திருந்தது. ஆனால் ஒரே முதலாளியிடம் தொடர்ந்து 6 மாதமாவது பணியாற்றியிருந்தால்தான் அந்நோய் தொழிலால் வந்தது எனக் கொள்ளப்படும் என்றது. 2020-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் இதே முறையைப் பின்பற்றியது. ஒரு பருவத்தில் பல தோப்புகளில் மருந்தடித்தவர் இதனை எவ்வாறு மெய்ப்பிப்பார்? பருவம் தொடங்குமுன் எடுத்த அளவும், பருவத்தின் இடையே எடுத்த அளவும் எழுத்தில் இருக்குமாயின் அவர் கையில் ஒரு சான்றாவது இருக்கும். அதனினும் மேலாக, அளவு குறைந்த அன்றே அவரை வேறு வேலைக்கு மாற்றினால் இழப்பீடு கேட்கும் நிலையே எழாது.

பெர்சிவல் பாட் காலத்தில் மருத்துவர் நோயாளியின் உடலில் கண்டது நோயின் இறுதிக் கட்டத்தை. இன்று அதன் முதற்கட்டத்தையே காண இயலும். கண்ட பின் மருந்தின் அளவைக் குறைத்தல், கடும் நச்சு மருந்துகளை விலக்குதல், பூச்சியை இயற்கை எதிரிகளாலும் பொறிகளாலும் கட்டுப்படுத்துதல், மருந்தடிப்போருக்குத் தக்க உடையும் குளிக்க நீரும் அளித்தல் ஆகியவற்றைச் செய்யாவிடில், அளந்ததால் பயன் ஏதுமில்லை. முதலமடை மாங்கனி நாட்டின் பல நகரங்களுக்கு முதற்கனியாகச் செல்கிறது. அதனை விளைவித்த தொழிலாளரின் உடல்நலமும் உற்பத்திக் கணக்கில் இடம்பெறும்போதுதான் அவ்வளர்ச்சி முழுமை பெறும்.